சபையில் ஒரு தனிக்குரல்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலையில் சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆலகால விஷத்தை உண்டபின் அன்னையின் மடியில் தலைவைத்துச் சயனித்திருக்கும் ஈசனைத் தரிசிக்கச் சுருட்டப்பள்ளியில் பலர் இறங்குவார்கள். வேதநாராயணரைச் சேவிக்க நாகலாபுரத்தில் சிலர் இறங்குவார்கள். பிச்சாட்டூரில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே. ஆரணியாற்றின் நீரைத் தேக்கும் அணை அங்கே இருக்கிறது. அணைக்கு மேலே ஆந்திரம். அதே ஆறு சிறிது தூரம் ஓடியபின் தமிழகம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. அதன்பின் எல்லைப் போராட்டங்களும், படாஸ்கர் பரிந்துரையும், சட்டமும் வந்தன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. கோடு முடிவானபோது பிச்சாட்டூர் ஆந்திரத்தின் பக்கம் அமைந்தது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்கும் பேசுவது அங்கே யாருக்கும் வியப்பளிப்பதில்லை.

அப்பகுதியிலிருந்து ஓர் அன்பர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அவரது சம்மதத்துடன், அவரை இன்னாரென்று காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவர்கள் ஊரில் பல ஆண்டுகளாக வியாழக்கிழமைதோறும் ஒரு சத்சங்கம் நடந்து வருகிறது. தெலுங்குக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் ஒன்றாக அமர்ந்து பஜனை செய்வார்கள். குருதேவரின் அமுதமொழிகளைப் படிப்பார்கள். காலப்போக்கில் தெலுங்கு அன்பர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. வாசிப்பும் விளக்கமும் பெரும்பாலும் தெலுங்கிலேயே நடக்கத் தொடங்கின. இதனால் மனம் வருந்திய தமிழ் அன்பர்கள், 'நாம் தனியாகத் தமிழில் ஒரு சத்சங்கம் தொடங்குவோம்' என்று தீர்மானித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த தமிழர்களில் ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார். அவர்தான் கடிதம் எழுதியவர். சேர்ந்தே இருப்போம், நேரத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்பது அவர் கருத்து. அன்றுமுதல் சொந்தக்காரர்களே அவரிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. தாய்மொழிப் பற்றில்லாதவர் என்றும், தெலுங்கர்களின் நல்லபெயருக்கு ஏங்குகிறவர் என்றும் பேச்சு எழுந்துவிட்டது.

கடிதத்தின் முடிவில் அவர் கேட்டிருந்தார்: 'நான் என்ன செய்யவேண்டும்? வாயை மூடிக்கொண்டு அவர்களோடு போவதா? எதிர்த்து நிற்பதா? விலகிவிடுவதா? விபீஷணனும் இப்படித்தானே தனியனாக நின்றான்?'

இந்தக் கேள்விகளுள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தன்னைச் சார்ந்தவர்களோடு கருத்து வேறுபட்ட ஒவ்வொருவருக்கும் விபீஷணனின் நினைவு வரும். வருவது இயல்பே. ஆனால் அதில் ஓர் அபாயம் உண்டு. நான் விபீஷணன் என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் கணத்திலேயே, என்னோடு உடன்படாத அண்ணன் தம்பிகளை ராட்சசர்களாக்கி விடுகிறேன். இலங்கையில் நடந்தது அதர்மம். பிறன் மனைவியைச் சிறைவைத்த கொடுமை. வயதான தாய்மார்கள் தமக்குப் புரியும் மொழியில் பகவானின் நாமத்தையும் கதையையும் கேட்க விரும்புவது அதர்மம் ஆகாது. அன்பர் முதலில் இதை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்றே அவருக்கு எழுதினேன். அவர் சார்ந்த குழுவின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. அவருடைய கருத்திலும் நியாயம் இருக்கலாம். நல்லவர்கள் இரு பக்கமும் நிற்கும் வழக்குகள்தாம் நம் வாழ்வில் அதிகம். அவற்றில் நடந்துகொள்வதே கடினமும் கூட.

விபீஷணனின் கதையிலும் நாம் சாதாரணமாகக் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி உண்டு. அவன் இராவணனுக்கு மாறாகப் பேசியது சீதையை விடுவிக்கச் சொன்னபோது மட்டும் அன்று. பிடிபட்ட அனுமனைக் கொல்லும்படி இராவணன் ஆணையிட்டபோது, தூதனைக் கொல்வது முறையன்று என்று விபீஷணன் எடுத்துச் சொன்னான். இராவணன் அதை ஏற்றுக்கொண்டான். கொலைக்குப் பதிலாக வாலில் தீ வைக்கச் சொன்னான். ஆக, அந்தச் சபையில்கூட ஒரு மாற்றுக் கருத்துக்கு ஒரு காலத்தில் செவி இருந்தது. அதற்குப் பின்னர்தான் விபீஷணன் மீண்டும் மீண்டும் அறிவுரை கூறினான், இகழப்பட்டான், நான்கு துணைவர்களோடு வெளியேறினான். சொல்லவேண்டியதைச் சொல்லி, கேட்க ஆளில்லை என்பது உறுதியானபின் நிகழ்ந்த வெளியேற்றம் அது. ஒரு கூட்டத்தில் ஒருமுறை பேசி, ஆதரவு கிடைக்கவில்லை என்றவுடன் எழுந்து போவதற்கு அவனை முன்மாதிரியாகக் காட்டமுடியாது.

அன்பருக்கு உண்மையில் வழிகாட்டக்கூடியவர் விபீஷணனைவிட அனுமனே என்று எனக்குத் தோன்றுகிறது.

*கடற்கரையில் நடந்த ஆலோசனை*

விபீஷணன் வந்து கடற்கரைக்கு மேலே வானில் நின்று அடைக்கலம் கேட்கிறான். இராமபிரான் உடனே முடிவு சொல்லிவிடவில்லை. தம்மைச் சூழ்ந்திருந்த வானரத் தலைவர்களின் கருத்தைக் கேட்கிறார். வால்மீகி முனிவர் யுத்தகாண்டத்தில் இந்தக் காட்சியை மிகவும் நிதானமாக விவரிக்கிறார். அவசரப்பட்டுப் படிக்கிறவர்கள் இழப்பது அதிகம்.

சுக்ரீவன் மிகுந்த சந்தேகத்தோடு பேசுகிறான்: இவன் பகைவனின் தம்பி, ஒற்றனாகவே இருப்பான், கொன்றுவிட வேண்டும். அங்கதன், குணம் குற்றங்களை ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்கிறான். சரபன், ஒற்றனை அனுப்பி அறியலாம் என்கிறான். ஜாம்பவான், வரக்கூடாத இடத்துக்கு வரக்கூடாத காலத்தில் வந்திருப்பதால் ஐயப்படவேண்டும் என்கிறார். மைந்தன், இனிய சொற்களால் மெல்ல விசாரிக்கலாம் என்கிறான். ஏறக்குறைய எல்லோருடைய கருத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. அரசனாகிய சுக்ரீவனே அந்தப் பக்கத்தில் இருக்கிறான். அனுமன் அவனுடைய அமைச்சர். இந்நிலையில் அனுமன் எல்லோருக்கும் பின்னர் பேச எழுகிறார்.

பேச்சின் தொடக்கத்தில் அவர் தம் மனநிலையைத் தெளிவுபடுத்துகிறார். வாதம் செய்யவேண்டும் என்பதற்காகவோ, மற்றவர்களோடு போட்டியிடுவதற்காகவோ, தாம் உயர்ந்தவர் என்று காட்டிக்கொள்வதற்காகவோ, ஏதேனும் விருப்பம் நிறைவேறுவதற்காகவோ தாம் பேசவில்லை என்கிறார். எடுத்துக்கொண்ட காரியத்தின் பெருமை கருதியே உள்ளதை உள்ளபடி சொல்வதாகக் கூறுகிறார். அதன்பின் மற்றவர்களின் கருத்துகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார். கண்முன்னே வந்து தன் பெயரைச் சொல்லி நிற்பவனிடம் ஒற்றனை அனுப்புவதற்கு என்ன இருக்கிறது? காலமும் இடமும் பொருந்தவில்லை என்பது சரியன்று. இராவணனின் தீமையையும் இராமனின் ஆற்றலையும் கண்டவன் வருவதற்கு இதுவே தக்க காலம். திடீரென்று விசாரித்தால் அறிவுள்ளவன் ஐயம் கொள்வான். நட்பாக வந்தவனும் கெட்டுப்போவான். இவனுடைய பேச்சிலோ முகத்திலோ கபடம் தெரியவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, என்னால் இயன்றவரை சொன்னேன், முடிவு செய்யவேண்டியவர் தாங்களே என்று அமர்ந்துவிடுகிறார்.

ஒருவரையும் அவர் இகழவில்லை. ஜாம்பவானின் முதுமையைச் சுட்டவில்லை. சுக்ரீவனுடைய பழைய பயங்களை நினைவூட்டவில்லை. வாலிக்கு அஞ்சி ரிஷ்யமூக மலையில் ஒளிந்திருந்தவன், வில்லேந்திய இருவரைக் கண்டு நடுங்கியவன் சுக்ரீவன். அதை அனுமனைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஒரு சொல் போதும், சபை சிரித்திருக்கும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை.

அதற்குப் பின்னும் சுக்ரீவன் உடன்படவில்லை என்பது இன்னொரு செய்தி. இராமபிரான் தம் கருத்தைச் சொன்னபிறகும் அவன் மறுத்துப் பேசுகிறான். இராமபிரான் கோபிக்கவில்லை. அந்த மறுப்புக்குள் இருப்பது தம்மீதுள்ள அன்பு என்பதை அவர் அறிவார். தன் துணையைப் பிடித்த வேடனுக்கே விருந்தளித்த புறாவின் கதையைச் சொல்கிறார். தம்மை நாடி வந்தவனுக்கு அபயம் அளிப்பது தமது விரதம் என்கிறார். சுக்ரீவனின் மனம் மாறுகிறது. விபீஷணனை அழைத்துவரும் பொறுப்பை இராமபிரான் யாரிடம் ஒப்படைக்கிறார்? அந்தச் சுக்ரீவனிடமே!

பிச்சாட்டூரிலிருந்து எட்டிவிடக்கூடிய தூரத்தில், திருமலையின் அடிவாரத்தில், திருமலை நம்பிகளிடம் ஸ்ரீராமானுஜர் ஓராண்டு காலம் தங்கி ஸ்ரீராமாயணத்தைப் பாடம் கேட்டார் என்று குருபரம்பரை கூறுகிறது. வைணவப் பெரியோர்கள் இந்த அடைக்கலப் பகுதியை ராமாயணத்தின் உயிர்நிலையாகப் போற்றுவார்கள். வேதாந்த தேசிகர் இதற்கென்றே 'அபயப்ரதான சாரம்' என்ற நூலை அருளிச்செய்தார். சரணாகதியின் தத்துவத்துக்காகவே அவர்கள் இதைப் போற்றினார்கள் என்பது உண்மை. எனினும், ஒரு சபை எப்படிக் கலந்து பேசவேண்டும் என்பதற்கும் இதைவிடச் சிறந்த பாடத்தை நான் கண்டதில்லை.

*நான்கு கேள்விகள்*

அனுமன் விலக்கிய அந்த நான்கையும் கேள்விகளாக மாற்றி நம்மை நாமே கேட்டுப் பார்க்கலாம். வாதத்தில் வெல்லும் ஆசையால் பேசுகிறேனா? குறிப்பிட்ட ஒருவர் மீதுள்ள போட்டியால் பேசுகிறேனா? இவர்களைவிட எனக்குத் தெரியும் என்ற எண்ணமா? எனக்கு ஏதேனும் லாபம் இருக்கிறதா?

முதல் மூன்றுக்கும் அன்பரின் கடிதத்திலேயே நல்ல பதில் இருந்தது. நான்காவதுதான் சிக்கல். கடிதத்தின் நடுவில், வேறு எதையோ சொல்லவந்த இடத்தில், ஒரு வரி எழுதியிருந்தார்: இரண்டு மொழியும் அறிந்தவர் என்பதால் வியாழக்கிழமை சத்சங்கத்தில் தெலுங்கில் படித்ததைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பணி பல ஆண்டுகளாக அவருடையது. தமிழர்கள் தனியாகப் பிரிந்துவிட்டால் அந்தப் பணிக்கு அவசியம் இராது. அவர் எதிர்ப்பதற்கு இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் தியானத்தில் அமரும்போது இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். எழுதும்போது சற்றுத் தயக்கமாகவே இருந்தது. தனித்து நிற்கும் தைரியம் உள்ளவரிடம் அவருடைய சுயநலத்தைப் பற்றிக் கேட்பது கடுமையான செயல். கூட்டத்தோடு சேர்ந்து கைதூக்கியவர்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆயினும் தனிக்கருத்து உடையவனுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. ஏனெனில் தனித்து நிற்பதிலேயே ஒரு ருசி உண்டு. அந்த ருசி பழகிவிட்டால், எல்லோரும் நம்மோடு உடன்பட்டுவிட்டால்கூட வருத்தமாக இருக்கும்.

*நமது சங்கத்தின் தொடக்கத்தில்*

1897 மே 1 அன்று கல்கத்தாவில் பலராம் போஸின் இல்லத்தில் சுவாமிஜி ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். அந்நாட்களில் அவரோடு கருத்து வேறுபட்டவர் வெளியார் எவருமல்லர். குருதேவரின் நேர்ச்சீடரும் அன்னை ஸ்ரீசாரதாதேவியாரின் அணுக்கத் தொண்டருமான சுவாமி யோகானந்தர். சங்கம், விதிமுறை, பொதுத்தொண்டு ஆகியவை மேல்நாட்டு முறைகளாக இருக்கின்றனவே, குருதேவர் நமக்கு இப்படியா உபதேசித்தார் என்று அவர் நேருக்கு நேராகக் கேட்டார். சுவாமிஜி உணர்ச்சிப்பெருக்கோடு பதிலளித்தார். குருதேவரின் கருத்துகள் எல்லையற்றவை. நம்முடைய சிறு அறிவின் அளவுக்குள் அவரை அடைத்துவிடக் கூடாது என்பது அப்பதிலின் சாரம்.

நான் வியப்பது அந்த வாதத்தைவிட அதையொட்டி இருந்த ஏற்பாட்டை. புதிய அமைப்பின் கல்கத்தா மையத்துக்குத் தலைவர் சுவாமி பிரம்மானந்தர். துணைத்தலைவர் இதே சுவாமி யோகானந்தர்! ஐயம் எழுப்பியவர் வெளியே நிற்கவில்லை, வெளியே நிறுத்தப்படவும் இல்லை. 1899 மார்ச் மாதத்தில் உடலை உகுக்கும்வரை அவர் சங்கத்தின் உள்ளேயே, எல்லோருடைய அன்புக்கும் உரியவராக இருந்தார்.

அதே ஐயம் அமுதமொழிகளைத் தொகுத்தளித்த 'ம' அவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. முதலில் இறைவனைக் காணவேண்டும் என்றல்லவா குருதேவர் சொன்னார், மருத்துவமனை நடத்துவது எப்படி அவருடைய பணி ஆகும் என்பது அவர் எண்ணம். 1912 நவம்பரில் அன்னை காசி சேவாசிரமத்தைச் சுற்றிப் பார்த்து, அங்கே குருதேவரே விளங்குவதாகக் கூறி மகிழ்ந்து, பத்து ரூபாய் காணிக்கையும் அனுப்பினார். அப்போது 'ம'வும் காசியில் இருந்தார். அன்னையின் கருத்தை அவரிடம் சொல்லிக் கேட்கும்படி சுவாமி பிரம்மானந்தர் இளைஞர்களை வேடிக்கையாகத் தூண்டிவிட, இனி மறுக்க வழியில்லை என்று 'ம' சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பல ஆண்டுகள் வைத்திருந்த கருத்தைப் பலர் முன்னிலையில் சிரித்துக்கொண்டே விடுவது எளிதா? கருத்து தமது சொத்து என்று நினைக்காதவர்களால்தான் அது முடியும்.

இவை இரண்டும் சேர்ந்தே இருந்தவர்களின் கதை. பிரிந்தவர் ஒருவரும் உண்டு. 1902 ஜூலை 4 அன்று சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். அரசியலில் ஈடுபடுவதில்லை என்பது சங்கத்தின் நெறி. தேச விழிப்புக்காகத் தடையின்றி உழைக்கவேண்டும் என்பது சகோதரி நிவேதிதையின் உறுதி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதே ஜூலை மாதத்திலேயே, தம்முடைய பணிகள் இனி சங்கத்தின் பொறுப்பில் வாரா என்பதைப் பத்திரிகை வாயிலாக அறிவித்தார். கசப்போடு ஒரு சொல்லும் இல்லை. தம் கருத்தால் சங்கத்துக்கு ஆங்கில அரசின் இடையூறு வரக்கூடாது என்பதும் அதில் அடங்கியிருந்தது. அன்னை அவரைத் தம் மகளாகவே நடத்திவந்தார். 1911 அக்டோபரில் டார்ஜிலிங்கில் மறையும்வரை நிவேதிதை தம்மை ராமகிருஷ்ண-விவேகானந்தரைச் சேர்ந்தவளாகவே எழுதிவந்தார். சுவாமிஜியைப் பற்றி அவர் எழுதி 1910இல் வெளிவந்த நூலை இன்றும் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். அமைப்பிலிருந்து விலகியவரின் நூல் என்று எவரும் அதை ஒதுக்கவில்லை.

தமிழகத்தில் இதற்கு ஈடான உதாரணம் ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததே. 1942இல் நாடு முழுவதும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ராஜாஜி வேறாகப் பேசினார். முஸ்லிம் லீகின் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்று உடன்பாடு காணவேண்டும் என்று அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் குழுவில் வாதாடினார். அவர் பக்கம் 15 வாக்குகள், எதிராக 120. செயற்குழுவிலிருந்து விலகினார், ஜூலையில் காங்கிரஸிலிருந்தும் சட்டசபையிலிருந்தும் விலகினார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தையும் அவர் ஆதரிக்கவில்லை. அவருக்குக் கிடைத்த வசைகளுக்குக் குறைவில்லை. ஆனால் காந்தியடிகளோடு அவருக்கிருந்த அன்பு அறுபடவில்லை. 1944இல் அவர் வகுத்த திட்டத்தை அடிப்படையாகக் கொண்டே காந்தியடிகள் பம்பாயில் ஜின்னாவோடு பேச்சு நடத்தினார். அந்தப் பேச்சு பலனளிக்கவில்லை. ராஜாஜியின் கருத்து சரியா தவறா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்துக்குள் இப்பத்திரிகை புகவேண்டியதில்லை. நமக்குக் கவனத்துக்குரியது, 120 பேருக்கு எதிரே நின்றவர் தம் பதவிகளைத் தாமே விட்டுக்கொடுத்தார் என்பது. கருத்தையும் பதவியையும் ஒருசேரக் காப்பாற்றிக்கொள்ள அவர் முயலவில்லை.

மகாபாரதத்து விகர்ணனையும் சொல்லாமல் விடமுடியாது. பீஷ்மரும் துரோணரும் மௌனமாக இருந்த சபையில், துரியோதனனின் தம்பியரில் திரௌபதி வெல்லப்படவில்லை என்று எழுந்து சொன்னவன் அவன் ஒருவனே. அரணிக் கட்டையில் பிறந்த தீ அந்தக் கட்டையையே எரிப்பதுபோல் குலத்தில் பிறந்து குலத்தைக் கெடுக்கிறாய் என்று கர்ணன் அவனை ஏசினான். இன்றும் மாறிநினைப்பவனை ஏசுகிறவர்கள் ஏறத்தாழ இதே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். விகர்ணன் அண்ணனை விட்டுப் போகவில்லை. போரில் பீமன் கையால் மடிந்தான். அவனைக் கொன்ற பீமனே அவனுக்காக வருந்தினான். அவன் போயிருக்கவேண்டுமா, இருந்தது சரியா? பலமுறை யோசித்தும் எனக்கு ஒரே பதில் கிடைத்ததில்லை.

திருவள்ளுவர் 'அவையறிதல்' என்ற அதிகாரத்தை முதலில் வைத்து, 'அவையஞ்சாமை'யை அதற்கு அடுத்ததாக வைத்தார். நம்மில் அஞ்சாதவர்கள் பலர் முதல் அதிகாரத்தைத் தாண்டிக் குதித்து வந்தவர்கள். பிச்சாட்டூர் அன்பர் அப்படிப்பட்டவர் அல்லர் என்றாலும், அவரிடம் ஒன்று கேட்டேன்: தனி சத்சங்கம் வேண்டுமென்ற தாய்மார்களின் வீடுகளுக்குச் சென்று அவர்களுக்கு எது புரியவில்லை, எது வேண்டும் என்று எப்போதாவது கேட்டதுண்டா? ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கேட்கவில்லை என்றும், இப்போது கேட்டதாகவும் எழுதியிருந்தார். ஒரு பாட்டியம்மாள், 'அங்கே எல்லோரும் அழும் இடத்தில் எனக்கு மட்டும் ஏன் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்' என்றாராம். அந்தச் சொல் தம்மைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருந்தார். இருந்தாலும் பிரிவது நல்லதன்று என்ற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அதை அடுத்த கூட்டத்தில் மறுபடியும் சொன்னார். இம்முறையும் அவருக்கு ஆதரவு கிடைக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் தமிழ் சத்சங்கம் தனியாக நடக்கிறது. வியாழக்கிழமை சத்சங்கமும் நடக்கிறது. அன்பர் இரண்டுக்கும் போகிறார். சனிக்கிழமைக் கூட்டத்தில் படிக்கும் பொறுப்பு வேறொருவருக்குத் தரப்பட்டிருக்கிறது. இவர் முன்னதாகவே சென்று பாய் விரித்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வைக்கிறார். அவரோடு பேசாதிருந்த உறவினர் ஒருவர், போன வாரம் விளக்குத் திரி போதவில்லை என்று அவரிடம் வந்து சொன்னாராம். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் திரி வாங்கிச் சென்றதாக எழுதியிருக்கிறார்.